கட்டியவளும் கட்டிக்கொண்டவளும்

சென்ற வெள்ளிக்கிழமை என் பீரோ சாத்திக்கொள்ள மறுத்துவிட்டது. முழங்காலால் ஒரு தள்ளு, தோளால் ஒரு தள்ளு. சாவி பாதி திரும்பி நின்றுவிட்டது. குற்றம் பீரோவின்மேல் இல்லை. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டு எண்ணினேன். 38 புடவைகள். அத்தனையும் சுங்குடி.

பட்டாசை பிடித்தவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. மதுரைச் சித்திரை வெயிலில் வளர்ந்தவளுக்குச் சுங்குடிதான் புடவை. இரண்டு முறை துவைத்துவிட்டால் பழகிய சிநேகிதியைப்போல் உடம்போடு இழைந்து வரும். எளிமையாக உடுத்துகிறவள் என்ற பெருமையும் எனக்கு உண்டு. எளிமையின் பெயரால் 38 புடவை சேர்க்க முடியும் என்பதைப் பீரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"மூன்று வருஷமாகக் கட்டாததையெல்லாம் கொடுத்துவிடுங்களேன், அத்தை" என்றாள் மருமகள்.

உத்தமமான யோசனைதான். ஆனால் கையில் எடுத்தால் ஒவ்வொன்றும் வாயைத் திறந்து பேசுகிறது. அரக்கு வர்ணம், நாத்தனார் பெண் கல்யாணத்துக்குக் கட்டியது. மயில் கழுத்து, இனிமேல் கிடைக்காது. மாம்பழ மஞ்சள், எனக்குப் பொருந்தாது, ஆனாலும் இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் கழித்தது இரண்டே புடவை.

அப்போதுதான் பின் தெருவுச் சௌராஷ்டிரப் பாட்டியின் நினைவு வந்தது. சிறு வயதில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். நல்லது எது என்று அவரே சொல்லட்டுமே என்று, மூட்டையோடு போய் அவர் வீட்டுத் திண்ணையில் இறங்கினேன்.

பாட்டிக்குப் பார்வை மங்கல். அதனால் ஒவ்வொரு புடவையையும் கண்ணருகே பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போட்டார். "இது அச்சு... இதுவும் அச்சு... இது மெழுகு." சற்று நேரத்தில் திண்ணையில் இரண்டு குவியல்கள் எழுந்தன.

துணியில் புள்ளி குறித்து, அந்த இடத்தை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். அப்படி ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பிறகு சாயத்தில் முக்கி, உலர்த்தி, நூலை அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகக் கண் விழிக்கும். ஒரு புள்ளியைப்போல் இன்னொரு புள்ளி இராது. இது கட்டுச் சுங்குடி. பிற்பாடு மெழுகை அச்சால் ஒற்றிச் சாயம் ஏற்றினார்கள். அதற்கும் பிறகு, புள்ளியையே அச்சடித்துவிட்டார்கள். அச்சுப் புள்ளிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் ஒரே அளவாக வரிசையில் நிற்கும்.

"முடிச்சுக் கணக்குக்குத்தான் கூலி. கட்டிக் கட்டி நகம் தேஞ்சு போச்சு. அச்சு வந்ததும் அதுவும் நின்னுபோச்சு. அதுக்காக அச்சடிக்கிறவனைக் குத்தம் சொல்லலாமா? அவனும் பிழைக்கணுமே" என்றார் பாட்டி.

கடைசிக் கணக்கு இது: அச்சு 26, மெழுகு 11, கட்டு ஒன்றே ஒன்று. அது என் அம்மாவின் புடவை. நைந்துவிடுமே என்று பல வருஷங்களாக நான் கட்டாமல் வைத்திருப்பது.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன். இத்தனை வாங்கியவள் ஆயிற்றே! ஆனால், கடையில் கட்டுப் புடவையின் விலையைக் கேட்டுவிட்டு, "இந்த விலைக்கு அச்சிலே மூன்று வாங்கலாம்" என்று மூன்று வாங்கி வந்தவளும் நான்தான். கூட்டலில் பிழை இல்லை. அந்தக் கூட்டலில் பாட்டியின் விரல்கள் மட்டும் சேரவில்லை. ஆசை குறைவாக இருந்திருந்தால் பீரோவும் சாத்தியிருக்கும். அந்த விரல்களுக்கும் வேலை இருந்திருக்கும்.

பாட்டி உடுத்தியிருந்தது பூப்போட்ட நைலக்ஸ். மனசு கேளாமல், அம்மாவின் புடவையை அவர் மடியில் வைத்தேன்.

"இது உங்களிடம் இருக்கட்டும், பாட்டி."

ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மடித்து என்னிடமே நீட்டினார்.

"நான் கட்டினது போதும்மா. இனிமே நீ கட்டிக்கோ."

ஆறு புடவைகளை நிறுத்திக்கொண்டேன். மருமகளுக்கு நான்கு, வீட்டு வேலைக்கு வரும் பெண் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டாள். மீதி எல்லாம் முதியோர் இல்லத்துக்குப் போயின. பீரோ இப்போது ஒரு விரல் பட்டாலே சாத்திக்கொள்கிறது.

மறுநாள் காலை அம்மாவின் புடவையைக் கட்டினேன். பயந்தபடியே கொசுவத்தின் ஓரத்தில் ஒரு விரற்கடை கிழிந்தது. போய்ப் பாட்டியிடம் காட்டினேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

"கட்டினாத்தானேம்மா கிழியும்" என்றார்.