சிறுதேரும் அதன் யாக்கையும்

பிள்ளைத்தமிழ் கற்பிக்கும்போதெல்லாம் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமாகிய சிறுதேர்ப் பருவத்தில் நாம் சற்றே நின்று செல்வதுண்டு. தேருருட்டும் குழந்தையின் அழகைப் புலவர்கள் பாடியவாறே விரித்துரைப்போம். அத்தேரைச் செய்து தந்த கைகளைப் பற்றி மட்டும் வகுப்பறையில் ஒரு சொல்லும் கூறியதில்லை. அக்குறையை நமக்கு உணர்த்தியவன், பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிவிட்டு விடுமுறையிலிருந்த நம் மகன்.

துபாயிலிருந்து வந்த அவன் மாமா, தடப்பந்தயக் கார்ப் பெட்டியொன்றை அவனுக்கு அளித்தார். தடத்தில் ஒரு காடி ஓடும். அதன் இருமருங்கும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள். காரின் அடியிலுள்ள முளை காடியில் பொருந்தி நிற்கும். கையிலுள்ள விசையை அழுத்தும் அளவுக்கேற்பக் கார் விரையும். திருப்புவதற்கு வேலையில்லை, வேகத்தை ஆள்வதே வித்தை. வளைவில் விசையைத் தளர்த்தத் தவறினால் கார் காடியைவிட்டு எகிறித் தரையில் விழும். அவ்வாறு விழுந்து விழுந்து ஒரு திங்களுக்குள் இரு கார்களின் மேற்கூடுகளும் நொறுங்கின. மோட்டாருக்கும் சக்கரங்களுக்கும் பழுதில்லை. புதிய மேற்கூட்டை எதனால் செய்வது என்பதே அவன்முன் நின்ற வினா.

நம்முன் நின்ற வினாவோ வேறு. பதினோராம் வகுப்பில் அவனை எப்பிரிவில் சேர்ப்பது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அவன் கிண்டியிலுள்ள சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பப் பட்டயம் படிக்க விரும்புவதாகக் கூறினான். 1968ஆம் ஆண்டில் நடுவணரசு தோற்றுவித்த நிறுவனம் அது. ஆயினும், "பொம்மைக் காருக்குச் சட்டை தைப்பதும் ஒரு படிப்பா?" என்று கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. ஒரு தாளை மட்டும் நம்மிடம் நீட்டினான்.

அதில் 100 சதுர செ.மீ. பரப்புக்கு ஒவ்வொரு பொருளும் எவ்வளவு எடையிருக்கும் என்று கணக்கிட்டிருந்தான். 0.3 மி.மீ. தகரம் ஏறத்தாழ 23 கிராம். 1 மி.மீ. தடிப்புள்ள ஏ.பி.எஸ். எனும் கெட்டிப் பிளாஸ்டிக் 10 கிராமுக்குச் சற்று மேல். 0.25 மி.மீ. பாலிகார்பனேட் தகடு 3 கிராம். உயரத்தில் எடை மிகுந்தால் வளைவில் கார் கவிழும். ஆதலின் மேற்கூடு இலேசாக இருத்தல் வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் கதவும் விளக்கும் நுட்பமாக அமையும். மோதினால் விரிசல் காணும். அச்சில் வார்க்கும் பிசின் கூடு, சில படிகள் மட்டும் எடுப்பதற்கு ஏற்றது. ஆயினும் கனமானது, எளிதில் உடைவது. மெல்லிய பாலிகார்பனேட்டோ மோதும்போது நெளிந்து மீளும். காட்சிக்கு வைப்பதாயின் ஒன்று, பந்தயத்திற்காயின் மற்றொன்று என்று கீழே எழுதியிருந்தான்.

"தகரத்தை ஏன் சேர்த்தாய்?" என்று வினவினோம்.

"முதல் கார்களே தகரந்தான் அத்தா. 1957இல் இங்கிலாந்தில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார்கள் தகரக்கூட்டோடுதான் வந்தன. 1960இல்தான் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அதோடு, தாத்தா செய்த கார் நம் அலமாரியில் இருக்கிறதே, அதையும் எடை போட்டுப் பார்த்தேன்" என்றான்.

நாம் வாயடைத்து நின்றோம். கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் தொடங்கப்பெற்றது. பின்னாளில் அங்கிருந்த பட்டறையொன்றில் நம் அத்தா தகரவேலை செய்தார். கழிவுத் துண்டுகளை வெட்டி, விளிம்பு நம் விரலைக் கிழிக்காதபடி மடித்துத் தட்டி, அவர் செய்து தந்த கார் அது. அக்கையின் உழைப்பே நம்மை எம்.ஃபில். வரை படிக்க வைத்தது. ஆனால் கல்லூரியில் நாம் நிரப்பிய படிவங்களில் தந்தையின் தொழில் என்னுமிடத்தில் 'வணிகம்' என்றே எழுதிவந்தோம். இதனை இதுவரை எவரிடமும் கூறியதில்லை.

மறுநாள் மகனுடன் தொழிற்பேட்டைக்குச் சென்றோம். சூடேற்றிய பிளாஸ்டிக் தகட்டை மர அச்சின்மேல் கவிழ்த்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, அச்சோடு ஒட்டச் செய்யும் பட்டறை அது. நம் மகன் தானே செதுக்கிய மர அச்சைக் கொண்டுவந்திருந்தான். முதல் தகட்டில் கொப்புளங்கள் எழுந்தன. அங்கிருந்த முதியவர் சிரித்தார். "கடற்காற்றின் ஈரத்தை இது குடித்திருக்கும் தம்பி. முதலில் 120 பாகைச் சூட்டில் உலர வையுங்கள்" என்றார். உலர்த்திய பின் வந்த கூடு கண்ணாடிபோல் தெளிந்திருந்தது.

"பிள்ளைக்குக் கைவாகு இருக்கிறது பாய். யாரிடம் படித்தான்?" என்று அவர் கேட்டார்.

நாம் தயங்கினோம். மகன் தயங்கவில்லை. "எங்க தாத்தா இந்தப் பேட்டையில்தான் தகரவேலை செய்தார்" என்றான். அவன் குரலிலிருந்த பெருமிதம், அத்தனை ஆண்டுகளாக நம் குரலில் இருந்திருக்க வேண்டியது.

வீடு திரும்பியதும் கூட்டுக்கு வண்ணந் தீட்டினான். தெளிந்த கூட்டிற்கு உட்புறமாகவே வண்ணம் பூச வேண்டுமாம். எண்ணும் கோடும் முதலில், அடிவண்ணம் இறுதியில். வெளிப்புறம் எத்துணை உராய்ந்தாலும் உள்ளிருக்கும் வண்ணம் அழியாது.

பல்வேறு தாதுக்களால் அமைந்த உடல் உயிருக்கு இடமாவதுபோல், பல சொற்களால் அமைந்த செய்யுள் பொருளுக்கு இடமாகும் என்பது நன்னூலார் கருத்து. யாத்தல் என்பது கட்டுதல். யாப்பும் யாக்கையும் அவ்வொரு வேரிலிருந்தே பிறந்தவை. இருபது ஆண்டுகளாக இதனைக் கரும்பலகையில் எழுதி வந்தோம். சொல்லைக் கட்டுவோன் உயர்ந்தோன், தகரத்தைக் கட்டுவோன் தாழ்ந்தோன் என்னும் எண்ணத்தை மட்டும் நம் நெஞ்சிலிருந்து அழிக்கவில்லை.

சிப்பெட் விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் இட்டுத் தந்தோம். அலமாரியில் இப்போது இரு கார்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று தகரம், மற்றொன்று பாலிகார்பனேட். இவ்வாண்டு சிறுதேர்ப் பருவம் நடத்துகையில் அவ்விரண்டையும் வகுப்பறைக்கு எடுத்துச் செல்வோம். தேர் செய்தவர் யார் என்று மாணவர்கள் வினவுவர். நம் அத்தாவின் தொழிலை இம்முறை உள்ளபடியே உரைப்போம்.