நைனாவின் ரேடியோவும் ஒரு சிகரெட் தாளும்



போன வாரம் நான் போட்ட வால்வு ரேடியோ படத்தைப் பார்த்து, "பார்ட்ஸ் எல்லாம் எங்கே சார் கிடைச்சுது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பாதி வீட்டிலேயே கிடைத்தது. மீதிப் பாதியில் ஒரு பழைய கதை இருக்கிறது.

அது எங்கள் நைனாவின் பிலிப்ஸ் பெட்டி. ரேடியோவுக்கு தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம். காலை 7.15 தில்லி செய்தி கேட்காமல் நைனா சட்டை மாட்ட மாட்டார். சரோஜ் நாராயண்சுவாமி வாசிக்கிறார் என்றால் வீட்டில் யாரும் தும்மக்கூட முடியாது.

1978இல் ஒரு நாள் ஃபியூஸ் போனது. எனக்குப் பதினேழு வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளை ஃபியூஸ் மேல் சுற்றிப் போட்டேன். உறுமலோடு பாடியது. பத்தே நிமிடத்தில் தார் உருகும் வாசனை. டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. உள்ளே ஒரு கண்டென்சர் கெட்டுப்போனதால்தான் ஃபியூஸ் போயிருக்கிறது, அது எனக்கு அப்போது புரியவில்லை.

நைனா திட்டவில்லை. மறுநாளிலிருந்து 7.15க்கு டீக்கடைக்குப் போனார். திட்டியிருக்கலாம். என் முதல் சம்பளத்தில் டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தேன், கேட்டார். ஆனால் பழைய பெட்டியைப் பழைய சாமான்காரனிடம் போட மட்டும் கடைசிவரை விடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் பரணிலிருந்து இறக்கினேன். முள்ளை நகர்த்தும் டயல் கயிறு அறுந்திருந்தது. பூ கட்டும் நூல் போட்டேன், மழை நாளில் தொய்ந்தது. தூண்டில் நரம்பு வழுக்கியது. கடைசியில் செருப்பு தைக்கும் மெழுகு நூல், அதன்மேல் குங்கிலியப் பொடி தேய்த்ததும் பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கர் கிழிசலுக்குப் பட்டம் செய்யும் தாளும், தண்ணீர் கலந்த ஃபெவிகாலும். (நைனா ஒருமுறை மைதாப் பசை தடவி ஒட்டியிருந்தார். கரப்பான் பூச்சிக்கு விருந்து!) முன்பக்கத் துணி என் மனைவியின் பழைய சுங்குடி. கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன்.

மின்சாரம் ஓடும் இடத்தில் மட்டும் வீட்டுச் சாமான் எதையும் வைக்கவில்லை. கண்டென்சர்களும் கண்ணாடி ஃபியூசும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மரைத் திருவள்ளூரில் மோட்டார் காயில் கட்டுபவர் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் தாத்தா ரேடியோ இருந்தால் ஆர்வத்தில் திறந்து கை விடாதீர்கள். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். நேராக பிளக்கிலும் சொருகாதீர்கள். ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எனக்கு அது மங்கி நின்றது. அந்த மங்கல் வெளிச்சத்துக்காக நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தேன்.

வால்வு சூடாக அரை நிமிடம். பிறகு ஒரே இரைச்சல். எல்.இ.டி. பல்பையும் செல்போன் சார்ஜரையும் அணைத்ததும் 720இல் சென்னை நிலையம் தெளிவாக வந்தது.

உள் அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்:

"உங்க நைனா இவ்ளோ சத்தமா வெக்க மாட்டாருடா. கொஞ்சம் கொறை."