பதினோராவது நாள்



இந்தப் பதிவை எழுதி மூன்று கிழமையாகப் போனிலேயே வைத்திருந்தேன். முதலில் வாசித்தவர் என் மனைவி. வாசித்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போடுங்க, ஆருக்காவது உதவும்" என்றார்.

பாவத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது, அல்லாஹ் மறைத்ததை நாமே திறக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதனால் நம்பிக்கையான ஒரு மௌலவியிடம் கேட்டேன். "என்ன பார்த்தீங்க எண்டு ஒண்டும் சொல்லாதீங்க. எப்படி வெளிய வந்தீங்க எண்டத மட்டும், அடுத்தவனுக்கு உதவுற நிய்யத்தோட சொல்லுங்க" என்றார். அந்த வரம்புக்குள் எழுதுகிறேன்.

விடயம் இதுதான். ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் எனக்குப் பல வருடம் இருந்தது. கல்விக் கல்லூரியில் படித்த காலத்தில், மெமரி கார்டுகள் கைமாறிய நாட்களில் தொடங்கியது. கலியாணம் முடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. ஒவ்வொரு றமழானிலும் விட்டேன். பெருநாள் முடிந்த கிழமையே திரும்பப் போனேன். வெளியில் நான் நல்ல சேர், பள்ளியில் முன் ஸஃப்பில் நிற்கிறவன்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு, ஆறு வயது மகள் கார்ட்டூன் பார்க்க என் போனை எடுத்தாள். பாய்ந்து பறித்தேன். பறித்த வேகத்தில் அவளுடைய கை கதிரையில் அடிபட்டது. அழுதுகொண்டே கேட்டாள்: "வாப்பாட போன்ல என்ன இரிக்கி?"

அன்று இரவு விட்டேன்.

விடுவது கஷ்டம் என்று எல்லாரும் சொல்வார்கள். விட்ட பிறகு என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் நல்ல உற்சாகம். நாலாம் நாள் நித்திரை போனது. இரவு இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பேன். பகலில் தலைப் பாரம். வகுப்பில் ஒரு பிள்ளை டஸ்டரைக் கீழே போட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே அமைதியானது. வீட்டில் கறிக்கு உப்புக் கூடினால் கோபம், குறைந்தால் கோபம். ஒரு கிழமை போனபோது அந்தக் கோபமும் போய் ஒரு வெறுமை வந்தது. சாப்பாட்டில் ருசி இல்லை, தொழுகையில் மனம் இல்லை. "விட்டதால்தானே இப்படி, பழையபடி இருந்தால் நிம்மதியாக இருப்பாய்" என்று உள்ளுக்குள் ஒரு குரல்.

எல்லாருக்கும் இப்படித்தான் வரும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். எனக்கு இப்படி இருந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். என் நிலைமையையும் ஒரு பாடமாகப் பார்க்க முயன்றேன். மூளையில் டோபமின் என்றொரு இரசாயனம் இருக்கிறது. இன்பம் தருவது அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் "அது வேணும்" என்ற தேட்டத்தை உண்டாக்குவதுதான் அதன் பெரிய வேலை. இரவு, தனிமை, களைப்பு, கையில் போன் என்று வருடக்கணக்காகப் பழகிய மூளைக்கு, அந்த நான்கும் சேர்ந்தாலே தேட்டம் எழும்பிவிடும். அது பழக்கத்தின் வேலை. ஈமான் இல்லாமல் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம் இல்லை.

இன்னொன்றும் விளங்கியது. வீட்டுக் கடன், கிடைக்காத இடமாற்றம், வாப்பாவின் வருத்தம் என்று எனக்கு ஆயிரம் கவலை இருந்தது. அவற்றை மறக்கத்தான் நான் அந்தத் திரைக்குப் போயிருக்கிறேன். திரையை மூடியதும் கவலைகள் எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. என் நித்திரையைக் கெடுத்ததில் பாதி, நான் இவ்வளவு நாளும் முகம் பார்க்காமல் விட்ட கவலைகள்தான்.

பதினோராவது நாள் பாடசாலையில் ஒரு சம்பவம். தரம் 10 மாணவன் ஒருவனின் போனில் அந்த மாதிரி வீடியோ பிடிபட்டது. (அவன் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாரும் தேட வேண்டாம்.) 2020இல் கொவிட் வந்து பாடசாலைகள் மூடப்பட்டபோது ஒன்லைன் வகுப்புக்கென்று வீட்டில் வாங்கிக் கொடுத்த போன். காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்த வேண்டும் என்றார் ஒரு ஆசிரியர். ஒழுக்காற்றுக் குழுவில் நானும் இருந்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அதிபரிடம் அரை மணித்தியாலம் கேட்டு, அவனை விறாந்தைக்குக் கூட்டிப் போனேன். குனிந்த தலை நிமிரவில்லை.

"விடப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"பார்த்த சேர். நாலு நாள் விட்டா மண்ட வெடிக்கிற மாதிரி. நித்திரயும் இல்ல. நான் கெட்டவன் சேர், அதான் ஏலாம இரிக்கி."

"கெட்டவனா இருந்தா உனக்கு அந்த மண்டையிடி வந்திருக்காது மகன். விடுறவனுக்குத்தான் அது வரும். கொஞ்ச நாள் இருந்திட்டுப் போயிடும்."

அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "சேருக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அவனைக் கூட்டத்தில் நிறுத்த விடவில்லை. அவனுடைய உம்மாவை மட்டும் கூப்பிட்டு, அடிக்க வேண்டாம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு பேசினோம்.

அவனுக்கு அப்படிச் சொன்ன நான் பத்தொன்பதாம் நாள் விழுந்தேன். விழுந்ததை விட அதற்குப் பிறகு வந்த மூன்று நாட்கள்தான் மோசம். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று அந்த மூன்று நாளும் பழையபடி இருந்தேன். ஒரு பிளேட் உடைந்ததற்காக அலுமாரியில் இருக்கிற எல்லாப் பிளேட்டையும் உடைப்பது போன்ற வேலை அது. நாலாம் நாள், கல்விக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த கூட்டாளிக்கு கோல் எடுத்தேன். இப்போது வேறு ஊரில் படிப்பிக்கிறான். தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்: "மச்சான், நானும் விட்டு ரெண்டு வருசம். ஒனக்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சி."

ஒரே அறையில் மூன்று வருடம் படுத்திருக்கிறோம். இரண்டு பேரும் தனித்தனியாக மறைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு எனக்கு உதவியவை சின்னச் சின்ன விடயங்கள். இஷாவுக்குப் பிறகு போன் ஹோலில் சார்ஜில் கிடக்கும், அறைக்குள் வராது. தேட்டம் எழும்பினால் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. எழும்பி, வுழூ எடுத்து, முற்றத்தில் நடப்பேன். அலை மாதிரி ஏறும், பிறகு தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். திங்கள், வியாழன் நோன்பு பிடித்தேன். கூட்டாளிக்கு இரவில் "இருக்கன்" என்று ஒரு மெசேஜ். அவ்வளவுதான். நித்திரை திரும்பி வர ஒரு மாதம் எடுத்தது. வகுப்பில் பிள்ளைகளோடு சிரிக்க இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது.

மனைவியிடம் சொன்னது மிகக் கடினம். அவருக்கு வலித்தது. அந்த வலியைச் சீக்கிரம் மறக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

சிலருக்கு இதெல்லாம் போதாமல் இருக்கலாம். தொழில், குடும்பம் எல்லாம் பாதிக்கப்பட்டும் நிறுத்த முடியவில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் ஐ.சி.டி. 11 பதிப்பில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலக் கிளினிக்குகளில் காசு இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு கோல் எடுக்கலாம். முக்கியமாக, அந்த வெறுமை நாட்களில் வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு இரவும் காத்திருக்க வேண்டாம்.

உலமாக்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். ஹறாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஒளிக்கிறார்கள். விட்ட பிறகு வரும் அந்தக் கஷ்டமான நாட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். ஸூறா அஸ்ஸுமரின் 53ஆவது ஆயத் பாவம் செய்தவர்களைப் பார்த்துத்தான் நிராசை அடைய வேண்டாம் என்கிறது. அந்த ஆயத்தை நாங்கள் ஜனாஸா வீட்டில் கேட்கிறோம். பிடிபட்ட பிள்ளையிடம் சொல்வதில்லை.

அந்த மாணவன் இப்போது பாடசாலையை விட்டுப் போய்விட்டான். அன்று அவன் கேட்ட கேள்விக்கான பதில் இந்தப் பதிவுதான். வாசித்தால் அவனுக்கு விளங்கும்.

நேற்று மகள் போன் கேட்டாள். கையில் கொடுத்துவிட்டு அஸர் தொழப் போனேன்.

எனக்காகவும் இதே நிலையில் இருக்கும் எல்லாருக்காகவும் துஆச் செய்யுங்கள்.