அரை நாள் கணக்கு

எங்கள் வீட்டில் வரவு செலவு எழுதுகிற பொறுப்பு என்னுடையது. கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வருமா என்று சிரிக்காதீர்கள். பால், பேப்பர், மளிகை எல்லாவற்றையும் பைசா பிசகாமல் எழுதி வைப்பேன். அந்தப் பெருமை ஆயா விஷயத்தில்தான் போயிற்று.

என் மனைவி பாங்கியில் வேலை பார்க்கிறாள். குழந்தைக்கு இரண்டு வயசு நிரம்பாத சமயம், காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வந்தாள். மாசம் 9,000 ரூபாய். வாரம் ஒரு நாள் லீவு. மற்றபடி வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டோம் என்ன, நான் பேசினேன். அவள் தலையை ஆட்டினாள்.

அந்த மாசியில் குழந்தைக்குச் சின்னம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பதைக்கூட நிறுத்திக்கொண்டார்கள். என் மனைவி ஆறு நாள் லீவு போட்டாள். ஆயா ஒரு நாளும் தவறவில்லை. "ஆத்தா வந்திருக்கா, நான் வராம இருந்தா எப்படிம்மா?" என்று சொல்லிவிட்டு, அரிப்புத் தாங்காமல் அழுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வேப்பங்கொழுந்தால் தடவிக்கொண்டே இருப்பாள்.

குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிச் சில நாள் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் ஆயாவின் கழுத்தில் இரண்டு கொப்புளம் தெரிந்தது. நான்தான் பதறினேன். "உடனே வீட்டுக்குப் போங்க ஆயா. நல்லா குணமாகிற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க" என்று படிக்கட்டு வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன்.

முகமெல்லாம் வடுவும் பாதி உடம்புமாக அவள் திரும்பி வந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. முதல் தேதியன்று நோட்டைப் பிரித்து, நாளைக்கு 300 வீதம் 3,600 கழித்து, 5,400 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அவளும் எண்ணிப் பார்த்தாள். "சார், மொத நாள் மத்தியானம் வரைக்கும் இருந்தேனே. நீங்கதானே அனுப்பிச்சீங்க?"

வாஸ்தவம். அரை நாள் அதிகமாகக் கழித்துவிட்டேன். 150 ரூபாயைக் கொடுத்தேன். கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு திருப்திகூட உண்டாயிற்று.

ராத்திரி பேச்சுவாக்கில் மனைவியைக் கேட்டேன்: "அந்த ஆறு நாளுக்கு உனக்கு எவ்வளவு பிடித்தார்கள்?"

"பிடிப்பானேன்? லீவுதான் பாக்கி இருந்ததே!"

எனக்குச் சுருக்கென்றது. ஒரே வீடு, ஒரே அம்மை. அதற்காக வீட்டில் தங்கியவளுக்குச் சம்பளம் வந்தது. அதை வாங்கிக்கொண்டு போனவளுக்கு, அதுவும் நானே வராதே என்று துரத்தியவளுக்கு, சம்பளம் போயிற்று. அவளோ அந்த அநியாயத்தைக் கேட்கவே இல்லை. அரை நாளைத்தான் கேட்டாள்.

கடைச் சிப்பந்திக்கு வருஷத்தில் 12 நாள், சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டென்று 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் சொல்லுகிறது. வீடு கடையல்லவே! வீட்டு வேலை செய்கிறவர்களுக்காக 2007-ல் நம் மாநிலத்தில் ஒரு நல வாரியம் ஏற்பட்டது. 2011-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, இவர்களும் மற்றத் தொழிலாளரைப் போன்றவர்களே என்று ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆகவே, ஆயாவுக்குக் காய்ச்சல் வந்தால் சட்டம் என் நோட்டுப் புத்தகம்தான்.

"ஆயா வராவிட்டால் எங்களுக்கும் நஷ்டமில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம்தான். நமக்கு அது ஒரு நாள் அவதி. அவளுக்கு அது அன்றைக்கு வாங்க வேண்டிய அரிசி. அதனால்தான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காய்ச்சலை மறைத்துக்கொண்டு, நம் குழந்தையைத் தூக்க வருகிறாள்.

மறுநாள் பாக்கி 3,450 ரூபாயை நீட்டினேன். அவள் கை நீளவில்லை.

"எந்த மாசத்திலே சார் கழிப்பீங்க?"

கடன் என்று நினைத்துவிட்டாள்! அது அவள் சம்பளம்தான் என்று புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. இனிமேல் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் உடம்புக்கு வந்தால் பிடித்தம் இல்லை என்று அவள் எதிரிலேயே நோட்டில் எழுதினேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு டெலிபோன் வந்தது. "சார், காய்ச்சலா இருக்கு. இன்னிக்கு வரலே."

அவ்வளவுதான். கெஞ்சல் இல்லை, சாக்கு இல்லை. அன்று மாலை ஆறு மணி வரை குழந்தையை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு வரி எழுத முடியவில்லை. சாயங்காலம் முதுகு வலியோடு நோட்டைப் பிரித்து, அன்றைய தேதிக்கு நேரே 300 ரூபாய் என்று எழுதினேன். அவள் வேலைக்கு அது போதாத கூலி என்பதும் அப்போதுதான் தெரிந்தது.