படல்

என் பள்ளிப் பருவத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சொல் விளையாட்டு நடக்கும். எழுத்துகள் எழுதிய அட்டைகளுள் ஆறினைப் பாட்டி எடுத்து வைப்பார். ஓர் அட்டையை ஒருமுறையே பயன்படுத்தி, மூன்றெழுத்துச் சொற்களை அமைக்க வேண்டும். ஒருநாள் வந்தவை: க, ட, ப, ர, ம், ல்.

ஆறு எழுத்துகளிலிருந்து மூன்றினை வரிசைப்படுத்த 120 வழிகள் உண்டு. ஆனால், அந்த ஆண்டுதான் நன்னூல் கூறும் மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளைக் கற்றிருந்தேன். டகரமும் ரகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. புள்ளி பெற்ற மெய்யும் முதலாகாது. எனவே, ககரமும் பகரமுமே முதலில் நிற்கும். முடிவில் நிற்க ம், ல் ஏற்றவை. அவை இரண்டும் அடுத்தடுத்து வந்து சொல்லை முடிப்பதில்லை. இவ்வாறு முதலையும் முடிவையும் வகுத்துக்கொண்டதும் 120 என்பது 12 ஆகச் சுருங்கியது. கடல், பகல், படம், கரம் என்று விரைந்து அடுக்கினேன். சிலப்பதிகாரப் பாடத்தில் படித்த ‘பரல்’ என்ற சொல்லையும் பெருமிதத்தோடு சேர்த்தேன்.

எழுத்துக் கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டி, தம் பங்குக்கு மூன்று அட்டைகளை நகர்த்தினார்: ‘படல்’.

“அப்படியொரு சொல்லே இல்லை, பாட்டி. அது கடல்” என்று சிரித்தேன். அவர் மறுக்கவில்லை, அட்டைகளைத் திரும்ப வைத்துவிட்டார்.

கோடை விடுமுறையில் பாட்டி பிறந்த ஊருக்குச் சென்றோம். ஆட்டுப்பட்டியின் அருகே நின்ற என்னிடம், “தம்பி, அந்தப் படலைக் கொஞ்சம் நகர்த்து” என்றார் பெரியவர் ஒருவர். எதை நகர்த்துவதென்று தெரியாமல் விழித்தேன். பாட்டி வந்து, வாயிலை அடைத்திருந்த முள்தட்டியை விலக்கினார். ஆட்டுக்குட்டிகள் துள்ளி வெளியேறின. என்னைப் பார்த்துப் புன்னகைத்தாரேயன்றி, ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் நூலகத்தில் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். படல் அங்கேயும் இருந்தது. நான் வகுத்த பன்னிரண்டிலும் அது இருந்ததே! இலக்கணம் ஏற்றதை என் அறியாமை விலக்கியிருந்தது. ஏட்டில் கண்ட பரலை ஏற்ற நான், பாட்டி கைகளால் திறந்து மூடிய படலை மறுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறன்று அதே ஆறு எழுத்துகளைத் தேடி எடுத்துப் பாட்டியின் முன் வைத்தேன். அன்றுமுதல், அறியாத சொல்லை எவர் கூறினாலும், ‘இல்லை’ என்பதற்கு முன், ‘அதன் பொருள் என்ன?’ என்று கேட்கிறேன்.