அண்ணாமலைச் சுற்றுப்பாதையும் அதன் நாய்களும்

பிற்பகல், பனித்திட்டு

பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவான கொம்யூன்களுள் ஒன்றாகிய பாகூரில் ஏரி உண்டு, கடல் உண்டு, ஆனால் சுற்றிவர ஒரு மலை இல்லை. ஆகவே பனித்திட்டு, கிருமாம்பாக்கம் பகுதி மக்களில் கிரிவலத்தை நாடுவோர் பௌர்ணமியன்று புதுச்சேரி வந்து, திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்கின்றனர். கிரிவலம் என்பது மலையை வலப்புறம் வைத்து, பெரும்பாலும் வெறுங்காலுடன், 14 கிலோமீட்டர் சுற்றிவரும் வழிபாடாகும். வீட்டு நாயை எவரும் உடன் அழைத்துச் செல்வதில்லை. அப்பாதைக்கென்றே நாய்கள் அங்கு வாழ்கின்றன.

மாலை 6 மணி, ராஜகோபுரம்

217 அடி உயரக் கோபுரத்தின் முன்பிருந்து நடை தொடங்குகிறது. முழுநிலவு கதிரவன் மறையும் வேளையில் எழுந்து இரவு முழுதும் ஒளி தருவதால் வெயிலைத் தவிர்க்க முடிகிறது. நண்பகல் தார்ச்சாலை மனிதப் பாதத்தைப் போலவே நாயின் பாதத்தையும் சுட்டுவிடுமாதலால், பகலில் நிழலில் படுத்திருந்த நாய்களும் இப்பொழுதுதான் சோம்பல் முறித்து எழுகின்றன.

இரவு 8 மணி, ரமணாசிரமம்

மலைநீர் வடிந்து சேரும் சமுத்திரம் ஏரி அமைந்த தென்புறத்தில் இவ்வாசிரமம் உள்ளது. ரமணர் 1922 வரை மலைமேல் கந்தாசிரமத்தில் தங்கியிருந்த காலத்தில், கமலா என்னும் பெண் நாய், அவர் சொன்னதும் புதியவர்களை மலையிலுள்ள சன்னிதிகளுக்கும் சுனைகளுக்கும் வழிகாட்டி அழைத்துச் சென்றதாக ரமணரின் வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்போர்ன் பதிவு செய்துள்ளார். ஜாக்கி என்னும் நாய்க்கு ஆசிரம வளாகத்திலேயே, ஆசிரமத்தில் வாழ்ந்த லட்சுமி என்னும் பசுவின் சமாதிக்கு அருகில், சமாதி எழுப்பப்பட்டுள்ளது.

இரவு 10 மணி, ஆதி அண்ணாமலை

தேநீர்க் கடையருகே ஒரு செவலை நாய் ஒரு குடும்பத்தைப் பின்தொடர்கிறது. சற்றுத் தொலைவில் வேறொரு நாய் உறுமியதும், வாலைத் தாழ்த்தி, நின்ற இடத்திலேயே திரும்பிவிடுகிறது. நாய்கள் பாதையைத் தமக்குள் எல்லை பிரித்துக்கொண்டிருப்பதால், நடப்பவருக்கு ஒரு துணை விடைபெறும் இடத்தில் இன்னொன்று வாய்க்கிறது. அன்புடன் இடப்படும் சர்க்கரைப் பொங்கலில் ஒரு தீங்கும் உண்டு: அதில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது; தயிர்சோறும் தண்ணீரும் போதுமானவை.

விடியற்காலை, ஈசானிய லிங்கம்

எண்திசைக்கும் ஒன்றாக அமைந்த அஷ்டலிங்கங்களுள் வடகிழக்குக்குரிய இவ்விடத்தோடு சுற்று ஏறத்தாழ நிறைவடைகிறது. நாய் பைரவரின் வாகனமாகப் போற்றப்படினும், பக்தி வெறிநோயைத் தடுத்துவிடாது. கடிபட்டால் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வதை 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியுள்ளன. நாயும் மனிதரும் அச்சமின்றி ஒரே பாதையில் நடப்பது, யாத்திரிகரின் கருணையைக் காட்டிலும் அந்தத் தடுப்பூசிப் பணி ஆண்டுதோறும் தவறாமல் நடைபெறுவதையே சார்ந்துள்ளது.