காபிக் கொட்டையும் பொறுக்கும் கைகளும்

2024 டிசம்பரில் அரபிகா காபியின் உலகச் சந்தை விலை, 1977இல் தொட்ட உச்சத்தைத் தாண்டியது. பிரேசிலில் மழை பொய்த்ததுதான் முக்கியக் காரணம் என்று செய்திகள் சொல்லின. கொஞ்ச நாளில் நம்மூர் காபித்தூள் கடைகளிலும் விலைப்பலகையை அழித்து எழுதினார்கள். இத்தனை விலை கொடுத்து வாங்குகிற சரக்கு நல்லதா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? காபி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "கடையில நின்னு கேட்டா பதில் கிடைக்காது. பட்டிவீரன்பட்டிக்கு வாங்க, காட்டுறேன்" என்றார்.

பட்டிவீரன்பட்டி திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனின் ஊர். மேலே பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று விரியும் மலைக் கிராமங்களில் விளையும் காபி, மூட்டை மூட்டையாக இறங்கிவந்து இந்த ஊர்க் களங்களில்தான் சுத்தமாகிறது.

ஜனவரி மாதம், அறுவடை நேரம். நண்பர் முதலில் மலைக்குத்தான் கூட்டிப்போனார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, நடுவே மலைவாழை, அதன் நிழலில் காபிச் செடிகள். அரபிகா ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கிளையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்தே நிற்கும். சிவந்ததை மட்டும் பறித்து, மற்றதை விட்டுவைத்து, மறுபடி வந்து பறிக்க வேண்டும். ஒரு பழத்தை அழுத்தினேன். இனிப்பான வழவழப்போடு இரண்டு விதைகள் நழுவி விழுந்தன. சில பழங்களில் ஒற்றை விதை மட்டும் உருண்டையாக இருக்கும், அதுதான் பீபெரி. ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ கொட்டை தேறும். பறித்த அன்றே தோலை உரித்து, வழவழப்பு போகக் கழுவி, உமியோடு வெயிலில் காயவைத்து அடிவாரத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த உமியோடு கூடிய கொட்டைக்குப் பார்ச்மென்ட் என்று பெயர்.

களத்தில் உமி நீக்கும் இயந்திரங்களின் இரைச்சலைக் கடந்து, சல்லடைப் பக்கம் போனோம். கடையில் நாம் கேட்கும் 'பிளான்டேஷன் ஏ', 'பி', 'சி' எல்லாம் இங்கேதான் பிரிகின்றன. பிளான்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அரபிகா. பழத்தோடு அப்படியே காயவைத்தால் அது செர்ரி. 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்கிற கொட்டை ஏ. 6 மில்லிமீட்டரில் நிற்பது பி. சல்லடை அளவை மட்டும்தான் சொல்லும். பெரிய கொட்டையிலும் பூச்சி துளைத்திருக்கலாம், புளிப்பு ஏறியிருக்கலாம். 1990இல் கூடலூர்ப் பகுதியில்தான் காபிக் காய்த்துளைப்பான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது துளைத்த ஓட்டை குண்டூசி முனையளவுதான் இருக்கும். சல்லடை அதைக் கண்டுபிடிக்காது.

கண்டுபிடிப்பது, ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து கொட்டை பொறுக்கும் பெண்கள். நண்பர் என்னை அவர்களில் மூத்தவரிடம் அழைத்துப்போய், "அக்கா, இவருக்குச் சொல்லிக்கொடுங்க" என்றார். அக்கா முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். கொட்டைகள் ஒற்றை அடுக்காகப் பரவின. இரண்டு கைகளும் தனித்தனியாக வேலை செய்தன. நல்லதை விரல் தொடுவதே இல்லை. கெட்டதை மட்டும் தொட்டுத் தள்ளுகிறது. நான் ஒரு குறையைக் கண்டு கை நீட்டுவதற்குள் அவர் ஏழெட்டைத் தள்ளியிருந்தார்.

தள்ளியதை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். "இது கருப்பு. இது உடைசல். இது பூச்சி. இந்தச் செம்பழுப்பு இருக்கு பாருங்க, புளிச்சது. ஊறல்ல கெடந்துருச்சு." பிறகு, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் கீறி மூக்கருகே நீட்டினார். அழுகிய நெடி அடித்தது. "இது ஒண்ணு போதும் தம்பி, ஒரு டிகாக்‌ஷனே வீணாயிரும்."

பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த மறுவருஷம், மாமியார் கையைப் பிடித்து இந்தக் கொட்டகைக்கு அழைத்துவந்தாராம். "மாமியாதான் எனக்கு வாத்தியாரு. தப்பாப் பொறுக்குனா புறங்கையில தட்டும்." வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறவர். முதுகெலும்பு தேய்ந்து அவர் வீட்டோடு உட்கார்ந்தபின், இந்த முறம்தான் குடும்பத்தை இழுத்தது. மகளை நர்சிங் படிக்கவைத்தார். அவள் மதுரையில் வேலை பார்க்கிறாள். ஒரு காலத்தில் கொட்டகை நிறையப் பெண்கள் இருந்தார்கள். நிறம் பார்த்துக் காற்றால் ஊதித்தள்ளும் இயந்திரம் வந்தபிறகு, அது விட்டுவைத்ததைச் சரிபார்க்கிற சிலர்தான் மிச்சம். எடைக்குக் கூலி. நிதானமாகப் பொறுக்கினால் சரக்கு சுத்தம், கூலி குறைவு. வேகமாகப் பொறுக்கினால் கூலி கிடைக்கும், கொட்டை தப்பும். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னதை, முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். ஓய்வூதியமோ சேமநிதியோ அவருக்குக் கிடையாது.

மெல்லிய வெள்ளித்தோல் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் குழிந்திருந்த ஒரு கொட்டையைக் காட்டினார். "பச்சையில பறிச்சது. மலையில பழுக்கவிட்டிருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்."

பழுக்கவிடாமல் ஏன் பறிக்கிறார்கள்? விடை மலைச் சாலையோரத்தில் இருக்கிறது. இந்தியக் காபி விவசாயிகளில் ஆகப் பெரும்பாலோர் பத்து ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு விவசாயிகள். பலருக்குச் சொந்தமாகத் தோல் உரிக்கும் இயந்திரமோ காயவைக்கும் களமோ இல்லை. அறுவடைக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். மாலையில் அவர் வண்டியும் தராசுமாக வந்து நிற்பார். சிவந்த பழத்துக்கு ஒரு விலை, பச்சைக்கு ஒரு விலை என்று பிரித்துக் கொடுத்தால் யார்தான் பச்சையைப் பறிப்பார்கள்? கொடுப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே விலை. போதாததற்கு ஈரம் என்று கழிவு வேறு. நான்கு முறை ஆள்விட்டுப் பறிக்கிற கூலி நட்டமாகிறது. ஒரே உருவாக உருவிக் கொட்டிவிடுகிறார் விவசாயி. அவர்மேல் என்ன குற்றம்?

1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விளைந்த காபியையெல்லாம் காபி வாரியமே வாங்கி விற்ற காலம் ஒன்று இருந்தது. பணம் தவணை தவணையாக, தாமதமாக வரும் என்ற மனக்குறை அப்போது எல்லோருக்கும் இருந்தது. 1990களில் சந்தை திறந்துவிடப்பட்டது. சொந்தக் களமும் ஏற்றுமதித் தொடர்பும் வைத்திருந்த பெரிய எஸ்டேட்டுகளுக்கு அது வழி திறந்தது. சாலையோரத் தராசை நம்பியிருப்பவருக்கு என்ன திறந்தது? நியூயார்க் சந்தையில் விலை ஏறினால் கடைக்காரர் மறுநாளே ஏற்றுகிறார். அந்த ஏற்றம் மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை கைகள் அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன! பழுத்த பழம் பறிக்கிறவருக்கும் கொட்டை பொறுக்குகிறவருக்கும் சேராத பணம் தரத்துக்குக் கொடுத்த பணம் ஆகாது. பத்து விவசாயிகள் கூடி ஒரு தோல் உரிக்கும் இயந்திரம் வாங்கிப் பார்ச்மென்ட்டாக விற்றாலே, விலை சொல்லும் உரிமை பாதியாவது அவர்கள் பக்கம் வரும். அரசு கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

பொறுக்கித் தள்ளிய கருப்பும் உடைசலும் எங்கே போகின்றன என்று அக்காவிடம் கேட்டேன். "அதுக்கும் தனி மூட்டை, அதுக்கும் ஆள் வருது, வெலையும் இருக்கு. பொடியாக்கிட்டா எல்லாம் ஒண்ணுதான் தம்பி. பொறுக்குனதும் தெரியாது, பொறுக்காததும் தெரியாது."

காபி வாங்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. பொடியாக வாங்காதீர்கள். கொட்டையாகப் பார்த்து, கண்முன்னே அரைத்து வாங்குங்கள். ஒரு கைப்பிடி வறுத்த கொட்டையை வெள்ளைத் தாளில் பரப்பினாலே பாதி உண்மை தெரிந்துவிடும். நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுநடுவே வெளிறிய கொட்டைகள் இருந்தால் அவை பச்சையில் பறித்தவை. உடைசலும் ஓட்டையும் மிகுந்திருந்தால் யாரும் பொறுக்கவில்லை என்று பொருள். மிதமாக வறுத்த பிளான்டேஷன் கொட்டையின் நடுக்கோடு வெளிறித் தெரியும். செர்ரியில் அது பழுப்பாகவே இருக்கும். எண்ணெய் கசிந்து மின்னுவதைத் தரம் என்று எண்ண வேண்டாம். அது அதிகம் வறுத்ததாகவோ நாள்பட்டதாகவோ இருக்கும். எந்த மலைக் காபி, என்றைக்கு வறுத்தது என்று கேளுங்கள். பீபெரியும் ஏ-யும் வடிவத்தின் பெயர், அளவின் பெயர். அவற்றுக்கென்றே கூடுதல் விலை கொடுக்குமுன் கொட்டையைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

சிக்கரி சேர்ப்பது குற்றமல்ல, அது ருசியைப் பொறுத்தது. ஆனால் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. எத்தனை விழுக்காடு என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தூளைத் தூவிப் பாருங்கள். காபி மிதக்கும், சிக்கரி நிறம் கோடாக இறங்க, சீக்கிரமே அடியில் போய்விடும்.

கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால்தான் கடைக்காரர் நல்ல சரக்குக்கு அலைவார். அவர் அலைந்தால்தான் பொறுக்குகிறவருக்கு வேலையும் பழுக்கவிடுகிற விவசாயிக்கு விலையும் நிற்கும். ஆகவே, அரைக்குமுன் கொட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற கடையில் காபி வாங்காதீர்கள்.